வர்றவங்க பாதி, நாம பாதி

ஒண்ணாம் நம்பர் பஸ்ல நடந்த ஒரு விஷயம் கொஞ்ச நாளா மனசை உறுத்திக்கிட்டே இருக்கு. எழுதிட்டாத்தான் சரிப்படும்.

(திருச்சிக்காரங்களுக்கு ஒண்ணாம் நம்பரைப் பத்தி ஒண்ணும் சொல்ல வேண்டாம். வெளியூர்க்காரங்களுக்காக: சென்ட்ரல் பஸ் ஸ்டாண்ட்ல கிளம்பி, சத்திரம் வந்து, காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போற வண்டி. எந்நேரமும் உண்டு, எந்நேரமும் கூட்டம்.)

சத்திரத்துல வடக்கேர்ந்து வந்த ஒரு குடும்பம் ஏறுச்சு. ஒரு பெரியவர், அவர் சம்சாரம், ரெண்டு பொண்ணுங்க, ஒரு கைக்குழந்தை. மூட்டைக்கு மேல ஒரு கேன்ல ராமேஸ்வரத்துத் தீர்த்தம். டிக்கெட் வாங்கறதுக்குள்ள பின்சீட்லேர்ந்து ஒரு குரல்: "எங்கேர்ந்துதான் கிளம்பி வர்றாங்களோ, நமக்கு நிக்க இடமில்லாம பண்றதுக்கு."

சுத்தி நாலு பேர் சிரிச்சாங்க.

பெரியவருக்குப் பேச்சு புரியல. சிரிப்பு புரிஞ்சுது. மூட்டையை இழுத்து மடியோட அணைச்சுக்கிட்டார்.

அன்னிக்கு ராத்திரியே சொந்தக்காரங்க வாட்ஸாப் குழுவுல ஒரு பனிமலைப் படம். கீழே, பயணம் மனசை விசாலமாக்கும், எல்லாரும் ஊர் சுத்தினா உலகத்துல சண்டையே இருக்காதுன்னு ஒரு வாசகம். எல்லாரும் கைகூப்பியிருந்தாங்க.

எனக்குக் கோவம்தான் வந்துச்சு.

அந்தப் பெரியவர் ஊரை விட்டுக் கிளம்பி, ரயில் மாறி ரயில் ஏறி, பாஷை தெரியாத இடத்துக்கு வந்து நிக்கறார். அவர் செய்ய வேண்டியதைச் செஞ்சாச்சு. அவர் மனசு விசாலமாகறதும் சுருங்கறதும் அதுக்கப்புறம் யார் கையில இருக்கு? பஸ்ல இருந்த நம்ம கையில.

பயணத்தால சமாதானம் வரும்னு பேசறவங்க எல்லாரும் கிளம்பிப் போறவங்களைப் பத்தியே பேசறாங்க. ஊர்லயே இருக்கறவங்களைப் பத்தி யாரும் பேசறதில்ல. ஸ்ரீரங்கம் மாதிரி ஊர்ல பொறந்தவங்க இதைப் பேசலைன்னா வேற யார் பேசுவாங்க? வருஷம் முழுக்க வெளியூர் மக்கள் நம்ம வாசல்ல நடந்துக்கிட்டே இருக்காங்க.

முதல்ல ஒண்ணு. நம்ம ஸ்ரீரங்கத்துப் பெருமாளே ஒரு காலத்துல வீடு இல்லாம அடுத்த ஊர் வாசல்ல நின்னவர்.

1323ல டில்லிப் படை வந்தப்போ உற்சவரான நம்பெருமாளைப் பாதுகாக்க வெளிய எடுத்துக்கிட்டுப் போனாங்க. வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாச்சாரியார் ரொம்ப வயசான காலத்துல கூடவே போனார், ஊருக்குத் திரும்பாமலேயே ஜோதிஷ்குடியில பரமபதிச்சார். அதுக்கப்புறம் பெருமாள் மலையாள தேசம், கர்நாடகத்துல திருநாராயணபுரம், கடைசியா திருமலைன்னு அலைஞ்சார். விஜயநகரத்து கோபண்ணா அவரைத் திரும்பக் கொண்டாந்து சேர்த்தது 1371ல. 48 வருஷம்!

யோசிச்சுப் பாருங்க. அந்த 48 வருஷமும் தினம் ஒரு வேளைத் தளிகையாவது யாரோ பண்ணியிருக்கணும். மலையாளம் பேசறவங்க, கன்னடம் பேசறவங்க, தெலுங்கு பேசறவங்க. ஆபத்து துரத்திக்கிட்டு வர்ற ஒரு கூட்டத்தை உள்ள விட்டு, இடம் குடுத்து, வாயை மூடிக்கிட்டு இருந்திருக்காங்க. திருமலைக் கோவிலுக்குள்ள ரங்கநாயகர் மண்டபம்னு இன்னிக்கும் இருக்கு. நம்பெருமாள் தங்கின இடம்னு சொல்வாங்க. திருப்பதி போறவங்க அங்க ஒரு நிமிஷம் நின்னு அந்த ஊருக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வரலாம். கடன் பாக்கி இருக்கு நமக்கு.

இதைவிடப் பெரிய விஷயம் நம்ம ஸ்ரீரங்கம் கோவிலுக்குள்ளேயே இருக்கு. துலுக்க நாச்சியார்.

தெரியாதவங்களுக்குக் கதையைச் சுருக்கமா சொல்றேன். டில்லிப் படை உற்சவரைத் தூக்கிக்கிட்டுப் போயிடுது. சுல்தானோட பொண்ணு அந்த விக்கிரகத்தைத் தன் அறையில வெச்சு விளையாடி, விளையாட்டு பிரியமாகிப் போகுது. ஊர்லேர்ந்து ஆட்கள் போய்ப் பாடி ஆடி சுல்தானை மகிழ வெச்சுப் பெருமாளை வாங்கிட்டு வந்துடறாங்க. பிரிவு தாங்காம அந்தப் பொண்ணு தேடிக்கிட்டே ஸ்ரீரங்கம் வந்து, பெருமாள்கிட்ட ஐக்கியமாயிடறா. நம்ம கோவிலோட வரலாற்று நூலான கோவிலொழுகு சொல்ற கதை இது.

அர்ச்சுன மண்டபத்துக்குப் பக்கத்துல அவங்களுக்கு ஒரு சந்நிதி இருக்கு. சிலை கிடையாது, சுவர்ல ஓவியம்தான். தினமும் ரொட்டி, வெண்ணெய் அமுது செய்யப்படுது. பெருமாளுக்குத் திருமஞ்சனத்தப்போ கைலி கட்டற வழக்கமும் இந்த நாச்சியாருக்காகத்தான்னு சொல்வாங்க. வைகுண்ட ஏகாதசிக்கு முன்னாடி வர்ற பகல்பத்து நாள்ல பெருமாள் அர்ச்சுன மண்டபத்துக்கு எழுந்தருளும்போது இவங்களுக்குன்னே படியேத்த சேவை உண்டு.

இதுல எவ்வளவு சரித்திரம், எவ்வளவு கதைன்னு அறிஞர்கள் பார்த்துக்கட்டும். எனக்கு முக்கியம் வேற. இந்த ஊர் அடிபட்ட ஊர். 1311ல மாலிக் காபூர் படை, 1323ல திரும்பவும். ரத்தம் சிந்தின ஊர். அப்படிப்பட்ட ஊர், அடிச்சவங்க வீட்டுலேர்ந்து வந்த ஒரு பொண்ணைப் பெருமாளோட நாச்சியாரா உக்கார வெச்சு, அவ ஊர்ச் சாப்பாட்டையே அவளுக்குப் படைக்குது. அரிசிச் சாதத்தைச் சாப்பிடுன்னு கட்டாயப்படுத்தல. ரொட்டி சுடக் கத்துக்கிட்டாங்க!

(வந்தவங்களை எப்படி நடத்தணும்னு யாராவது என்னைக் கேட்டா இந்த ரொட்டியைத்தான் காட்டுவேன்.)

கோவில்ல ஒரு இடத்துக்கு மேல இந்து அல்லாதவங்களுக்கு அனுமதி இல்ல. அந்த விதியைப் பத்தி ஆளாளுக்கு அபிப்பிராயம் இருக்கு, இன்னிக்கு அந்தப் பேச்சுக்குப் போகல. ஆனா இதோட விளைவு என்னன்னா, வெளிநாட்டுலேர்ந்து வர்றவங்க மேல்தளத்துக்கு டிக்கெட் எடுத்து ஏறி, 21 கோபுரத்தையும் படம் பிடிச்சு, ஒரு மணி நேரத்துல கிளம்பிடறாங்க. துலுக்க நாச்சியாரை அவங்களால பார்க்கவே முடியாது. உள்ளூர்க்காரங்க யாராவது சொன்னாத்தான் அப்படி ஒருத்தங்க இருக்கறதே தெரியும்.

அதனால நான் சொல்றேன். கோவில்ல ரங்கவிலாச மண்டபத்துப் பக்கம் யாராவது முழிச்சுக்கிட்டு நின்னா போய்ப் பேசுவேன். எப்படிப் பேசினா எடுபடும்னு வெவ்வேற விதமா முயற்சி பண்ணிப் பார்த்ததுல சில விஷயம் பிடிபட்டிருக்கு.

ராஜகோபுரம் 236 அடி, 13 நிலை, 1987ல கட்டி முடிச்சாங்கன்னு ஆரம்பிச்சா தலையை ஆட்டிக் கேட்டுட்டு நகர்ந்துடுவாங்க. இந்த விவரம் அவங்க கையில இருக்கற போன்லயே இருக்கு.

"உங்க ஊர்ல கோவில் வாசல்ல என்ன விப்பாங்க?"ன்னு கேட்டா நின்னுடுவாங்க. முகமே மாறிடும். போலந்துலேர்ந்து வந்த ஒரு அம்மா, அவங்க ஊர் மாதா கோவில் திருவிழாவுல விக்கற இஞ்சி பிஸ்கட்டைப் பத்திச் சொல்லச் சொல்ல எனக்குப் பசியே வந்துடுச்சு. நம்ம சமயபுரம் பாதயாத்திரை மாதிரியே அங்கயும் ஜனங்க நாள் கணக்கா நடந்து மாதாவைப் பார்க்கப் போவாங்களாம். காலைத் தூக்கிக் கொப்புளம் வந்த இடத்தைக் காட்டினாங்க. அதுக்கப்புறம்தான் துலுக்க நாச்சியார் கதையைச் சொன்னேன். அந்த அம்மா கேட்ட ஒரே கேள்வி: "அந்த ரொட்டியை யார் செய்றாங்க?" நல்ல கேள்வி. மடப்பள்ளியில செய்றாங்கன்னு சொன்னேன்.

முதல்ல கேக்கணும். அப்புறம் சொல்லணும். இவ்வளவுதான் நான் கத்துக்கிட்டது. திருச்சி வெயிலா இருந்தா, கேக்கறதுக்கும் முன்னாடி ஒரு டம்ளர் மோர் வாங்கிக் குடுக்கணும்.

இந்த இடத்துல ஒரு நியாயமான கேள்வி வரும். பயணம்னா எல்லாமே நல்ல பயணமா? படையெடுப்பும் பயணம்தானே?

ஆமா. இதுக்கும் நம்ம ஊரே சாட்சி. 1752ல, ஆற்காட்டு நவாப் பட்டத்துக்குப் போட்டி போட்ட சந்தா சாகிப்பும் பிரெஞ்சுப் படையும் ஸ்ரீரங்கத்துத் தீவுல வந்து உக்காந்துக்கிட்டாங்க. கோவில் மதிலே கோட்டை மதிலாச்சு. எதிர்ப்பக்கம் அதே பட்டத்துக்கு நின்ன முகம்மது அலியும் இங்கிலீஷ்காரங்களும். பிரெஞ்சுப் படை சரணடைஞ்சுது, சந்தா சாகிப் கொல்லப்பட்டார். கடல் தாண்டி எத்தனையோ மைல் வந்தவங்க, பெருமாள் வாசல்ல பீரங்கியோட நின்னாங்க. அவங்க மனசு இந்தப் பயணத்தால விசாலமாச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது.

(சந்தா சாகிப்பும் முகம்மது அலியும் உயிரோட இருந்த வரைக்கும் ஒருத்தரை ஒருத்தர் விடல. ரெண்டு பேரும் அடங்கியிருக்கறது ஒரே இடத்துல, திருச்சி நத்தர்ஷா பள்ளிவாசல் தர்காவுல. நத்தர் வலியே தூர தேசத்துலேர்ந்து வந்து இங்க தங்கிட்டவர்தான்னு சொல்வாங்க. இன்னிக்கும் எல்லா மதத்துக்காரங்களும் அங்க போறாங்க.)

அதே காலத்துல வேற மாதிரி பயணம் செஞ்ச ஒருத்தரும் திருச்சியில இருந்தார். சுவார்ட்ஸ் ஐயர்.

கிறிஸ்டியன் ஃபிரெட்ரிக் சுவார்ட்ஸ். ஜெர்மன் தேசத்துப் பாதிரியார். 1750ல தரங்கம்பாடியில இறங்கினவர், அப்புறம் திருச்சியில குடியேறினார். கோட்டைப் பக்கம் இருக்கற கிறிஸ்து ஆலயம் அவர் முயற்சியில 1766ல எழுந்ததுதான். தமிழ் படிச்சார். மராட்டி, பாரசீகம், இந்துஸ்தானியும் கத்துக்கிட்டார். 1778 வாக்குல தஞ்சாவூருக்குப் போனார்.

1779ல மெட்ராஸ்ல இருந்த இங்கிலீஷ் கம்பெனி அரசாங்கத்துக்கு, மைசூரை ஆண்ட ஹைதர் அலியோட மனசுல என்ன இருக்குன்னு தெரியணும், சமாதானம் பேசணும். ஹைதர் கம்பெனிக்காரங்களை நம்பத் தயாரா இல்ல. அதனால சுவார்ட்ஸை அனுப்பினாங்க. கரூர், கோயமுத்தூர், கஜல்ஹட்டி கணவாய்னு மலையேறி ஸ்ரீரங்கப்பட்டினம் போனார். (ஒரு ரங்கநாதர் ஊர்ப் பக்கத்துலேர்ந்து இன்னொரு ரங்கநாதர் ஊருக்கு! ரெண்டுமே காவிரித் தீவு.)

அங்க அவர் உபதேசம் பண்ணி யாரையும் விரட்டல. ஹைதரோட தர்பார்ல உக்காந்து நிதானமாக் கவனிச்சார். எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனுஷனோட ஞாபக சக்தியைப் பார்த்து அசந்து எழுதி வெச்சிருக்கார். யார் எந்த மதம்ங்கறதைப் பத்தி ஹைதர் கவலைப்படறதில்லன்னும் எழுதியிருக்கார். எதிராளின்னு சொல்லப்பட்டவரை மனுஷனாப் பார்த்த எழுத்து அது. கிளம்பும்போது வழிச்செலவுக்குன்னு ஹைதர் 300 ரூபாய் குடுத்தார். அந்தப் பணத்தை சுவார்ட்ஸ் தனக்குன்னு வெச்சுக்கல, தஞ்சாவூர்ல அநாதைப் பிள்ளைங்க படிப்புக்குப் போகணும்னு கேட்டுக்கிட்டார்.

சமாதானம் வந்துதா? இல்ல. 1780ல ஹைதர் படை ஆற்காட்டு நவாப் சீமைக்குள்ள, அதாவது நம்ம பக்கம், இறங்கிடுச்சு. ஊர் ஊரா எரிஞ்சுது.

அப்போ அந்தப் பயணம் வீண்தானான்னு கேட்டா, கிடையாது. அந்தச் சண்டைக்கு நடுவுலயும், இந்தப் பாதிரியாரை யாரும் தொடக் கூடாது, போற இடத்துக்குப் போகட்டும்னு ஹைதர் தன் ஆட்களுக்கு உத்தரவு போட்டிருந்தார். தஞ்சாவூர்ல பஞ்சம் வந்தப்போ, அரசாங்கத்தை நம்பி நெல்லு குடுக்க மாட்டேன்னு நின்ன குடியானவங்க, சுவார்ட்ஸ் வார்த்தை குடுத்ததும் வண்டி கட்டிக்கிட்டு வந்தாங்க. அரசாங்கங்களோட நம்பிக்கை செத்த இடத்துல ஒரு மனுஷன் மேல இருந்த நம்பிக்கை உயிரோட இருந்துது. பல பேர் சோறு தின்னாங்க.

பயணத்தால இவ்வளவுதான் முடியும்னு நான் நினைக்கிறேன். போரை நிறுத்தற பலம் அதுக்கு எப்பவும் கிடையாது. போர் நடக்கும்போதும் அறுந்து போகாத ஒரு நூலை அதால கட்டி வைக்க முடியும். அதுவும் ஒரு மணி நேரம் வந்து படம் பிடிச்சுட்டுப் போற பயணத்துல வராது. தங்கணும், பாஷை படிக்கணும், கேக்கணும்.

இப்போ ஒரு கசப்பான விஷயத்தையும் எழுதியே ஆகணும்.

2012 செப்டம்பர். இலங்கையிலேர்ந்து யாத்திரைக்கு வந்த கூட்டம் ஒண்ணு, பூண்டி மாதாவையும் வேளாங்கண்ணியையும் தரிசிக்க வந்திருந்தாங்க. பூண்டியில அவங்களுக்கு எதிராப் போராட்டம் நடந்துச்சு. பாதுகாப்பா ஊருக்கு அனுப்பலாம்னு பஸ்கள்ல திருச்சி விமான நிலையத்துக்குக் கூட்டிட்டு வந்தாங்க. வர்ற வழியில, நம்ம காட்டூர்ல, அந்த பஸ்கள் மேல கல் விழுந்துச்சு. பொம்பளைங்க, குழந்தைங்க எல்லாம் உள்ள இருந்தாங்க. ஜெபமாலையோட வந்தவங்க.

அந்தக் கோவம் எங்கேர்ந்து வந்துதுன்னு எனக்கு நல்லாவே தெரியும். 2009ல இலங்கைப் போரோட கடைசியில முள்ளிவாய்க்கால்ல தமிழ் மக்களுக்கு நடந்ததை மறக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்ல. இங்க கொட்டப்பட்டு இலங்கைத் தமிழ் அகதிகள் முகாம்ல வளர்ந்த சிநேகிதி எனக்கு உண்டு. அவ அப்பா எங்க, எப்படிப் போனார்னு இன்னி வரைக்கும் அவ வீட்டுக்குத் தெரியாது.

ஆனா அந்தக் கல்லு யார் மேல விழுந்துச்சு? உத்தரவு போட்டவங்க யாரும் அந்த பஸ்ல இல்ல. கும்பிட வந்தவங்க இருந்தாங்க. அவங்க ஊருக்குப் போய்த் தமிழ்நாட்டைப் பத்தி என்ன சொல்லியிருப்பாங்க? பாதிரியார் ஒருத்தருக்கு ஹைதர் அலி சண்டைக்கு நடுவுல குடுத்த வழியை, நாம மாதாவைப் பார்க்க வந்தவங்களுக்குக் குடுக்கல.

எனக்கு இது ரொம்ப வலிச்சுது. ஏன்னா ஸ்ரீரங்கத்துல பெருமாள் படுத்திருக்கறதே தெற்கு பார்த்து, இலங்கையைப் பார்த்து. ராமர் குடுத்த ரங்க விமானத்தைப் பெருமாளோட விபீஷணன் இலங்கைக்குத் தூக்கிக்கிட்டுப் போறான், காவிரிக்கரையில கீழ வெச்சது திரும்ப எழும்பல. அழுத விபீஷணன்கிட்ட, நீ இருக்கற திசையைப் பார்த்தே இருக்கேன்னு பெருமாள் வாக்குக் குடுத்தார்னு தல புராணம். ராவணனோட தம்பிக்கு, போருக்கு அப்புறம் குடுத்த வாக்கு. அந்த ஊர்ல நாம குடியிருக்கோம்.

அதனாலதான் போய்ப் பார்த்துடணும்னு யாழ்ப்பாணம் போனேன். (திருச்சியிலேர்ந்து கொழும்பு விமானத்துல ஒரு மணி நேரம் கூட ஆகல. சென்னைக்கு ரயில்ல போற நேரத்துல கொழும்பு வரைக்கும் போயிட்டே திரும்பிடலாம்.)

நல்லூர் கந்தசாமி கோவில்ல கட்டியம் சொல்லும்போது காதைத் தீட்டிக் கேட்டேன். புவனேகபாகுங்கற பேர் வருது. கோட்டேங்கற சிங்கள ராஜ்யத்தோட படையை நடத்திட்டு வந்து யாழ்ப்பாணத்தைப் பிடிச்ச சபுமல் குமாரயா, பின்னாடி புவனேகபாகுன்னு பட்டம் கட்டிக்கிட்டவர். அவரோட சேர்த்துத்தான் இந்தப் பேரைச் சொல்வாங்க. தமிழ்க் கடவுள் சந்நிதியில, இத்தனை சண்டைக்கு அப்புறமும், அந்தப் பேரை யாரும் நீக்கல. எனக்கு நம்ம நாச்சியார் ஞாபகம் வந்துச்சு.

அடுத்து நயினாதீவு. குறிகட்டுவான்ல படகு ஏறணும். அந்தத் தீவுல நாகபூஷணி அம்மன் கோவிலும் இருக்கு, நாகவிகாரையும் இருக்கு. அதனால ஒரே படகுல வேட்டி கட்டின தமிழங்களும் வெள்ளை உடுத்தின சிங்களவங்களும் முழங்காலோட முழங்கால் இடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. கடல் கொஞ்சம் ஆட்டம். எனக்குத் தலை சுத்திடுச்சு. பக்கத்துல இருந்த சிங்கள அம்மா பையிலேர்ந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கீறி மூக்குகிட்ட நீட்டினாங்க.

அவங்களுக்குக் கொஞ்சம் தமிழ், எனக்கு சிங்களம் சுத்தமா கிடையாது, நடுவுல ரெண்டு பேருக்கும் கொஞ்சம் இங்கிலீஷ். தம்பி ராணுவத்துல இருந்தானாம். வன்னியில செத்துட்டானாம். அவனுக்காகத்தான் விகாரைக்குப் பூ எடுத்துட்டுப் போறாங்க. என் சிநேகிதி அப்பாவைப் பத்தி நான் சொன்னேன். அவங்க என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. தீவு வந்துச்சு, அவங்க அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

இதை வெச்சு எல்லாம் சரியாயிடுச்சுன்னு நான் சொல்லப் போறதில்ல. காணாமப் போனவங்களோட அம்மாக்கள் இன்னும் தெருவுல உக்காந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. அவங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது அரசாங்கம். எலுமிச்சம்பழத்தால அது தீராது. ஆனா "சிங்களவங்க எல்லாருமே"ன்னு யாராவது ஆரம்பிச்சா, என்னால அந்த வாக்கியத்தை முழுசா ஒத்துக்க முடியல. அந்த அம்மா முகம் குறுக்க வந்துடுது. அவங்க ஊர்ல "தமிழங்க எல்லாருமே"ன்னு யாராவது ஆரம்பிச்சா என் முகமும் அப்படிக் குறுக்க வரணும்னு ஆசைப்படறேன்.

காட்டூர்ல கல்லடி பட்ட பஸ்ல இருந்தவங்களுக்கு அப்படி ஒரு முகத்தை நாம குடுத்திருக்கலாம். மோரும் தண்ணியும் குடுத்து அனுப்பி, எங்க மக்களுக்கு நியாயம் வேணும்னு அவங்ககிட்டயே சொல்லி அனுப்பியிருக்கலாம். அவங்க அதை எடுத்துக்கிட்டுப் போயிருப்பாங்க.

இப்போ உங்ககிட்ட சில விஷயம் கேக்கறேன்.

ஊர் பார்க்கப் போனா ஒரு நாள்ல ஏழு இடம்னு ஓடாதீங்க. ஒரே இடத்துல ரெண்டு நாள் இருங்க. அந்த ஊர்க்காரங்க சாப்பிடறதைச் சாப்பிடுங்க. (தயிர்சாத மூட்டை வேண்டாம்னு சொல்லல. அதைப் பக்கத்துல இருக்கறவங்களுக்கும் குடுங்க.) வணக்கம், நன்றி, தண்ணி, எவ்வளவு. இந்த நாலையும் அவங்க பாஷையில படிச்சுக்கிட்டுப் போங்க.

அதைவிட முக்கியம், ஊர்ல இருக்கும்போது செய்ய வேண்டியது. மார்கழி வருது. வைகுண்ட ஏகாதசிக்கு லட்சக்கணக்கா வருவாங்க. தெலுங்கு, கன்னடம், இந்தி, நமக்குப் பேர் தெரியாத பாஷை எல்லாம் வீதியில கேக்கும். கூட்டம் கஷ்டம்தான், எனக்கும் தெரியும். உத்தர வீதியில வீட்டுக்குள்ள நுழையறதுக்கே அரை மணி ஆகும். ஆனாலும் பஸ்ல எழுந்து இடம் குடுங்க. வழி கேட்டா கையை நீட்டிட்டு நிக்காம, திருப்பம் வரைக்கும் கூட நடங்க. திண்ணை இருக்கறவங்க ஒரு குடம் தண்ணி வையுங்க. யாராவது வெளியூர்க்காரங்களைப் பார்த்துக் கிண்டலா சிரிச்சா நீங்க சேர்ந்து சிரிக்காதீங்க. முடிஞ்சா வாயைத் திறந்து "அவங்க விருந்தாளிங்க"ன்னு சொல்லுங்க. அந்தச் சின்னப் பேச்சுக்கு தைரியம் வேணும். அந்த தைரியம் ஊர்ல பத்துப் பேருக்கு இருந்தாலே போதும்.

பகல்பத்து சமயத்துல ஒருத்தருக்காவது துலுக்க நாச்சியார் கதையைச் சொல்லுங்க. சொல்றதுக்கு முன்னாடி அவங்க ஊரைப் பத்திக் கேளுங்க. பதிலுக்கு என்ன கதை கிடைச்சுதுன்னு எனக்கு எழுதுங்க. நல்லதா இருந்தா அடுத்த பதிவுல சேர்த்துடறேன்.